கெட்ட ரத்தமும் விடுபட்ட ‘வே’யும்: அசெரோத் கொள்ளைநோய் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கொள்ளைநோயைப் பற்றி எழுதியவர்கள் எலியை எழுதினார்கள், கொசுவை எழுதினார்கள், குடிநீரை எழுதினார்கள். தெருமுனையில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை எவரும் சமன்பாட்டில் எழுதவில்லை. எந்தப் பேரிடரிலும் முதலில் வந்து கடைசியில் கலைகிற அவர், நோய்ப்பரவல் இயலின் கணித மாதிரிகளில் விடுபட்டுப் போனார் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவ, 2005 செப்டம்பர் 13 அன்று அசெரோத் என்னும் உலகில் தோன்றிய ‘கெட்ட ரத்தம்’ என்ற மாயக் கொள்ளைநோய் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நம் உலகில் கொள்ளைநோய்க்கா பஞ்சம் என்று வினவுவார் உளர். நோய்க்குப் பஞ்சமில்லை, வாக்குமூலத்துக்குத்தான் பஞ்சம். நம்மூரில் வேடிக்கை பார்த்த எவரும் பிற்பாடு அதை ஒப்புக்கொள்வதில்லை. மருந்து வாங்கப் போனதாகச் சொல்வர். அந்த வழியாக வந்ததாகச் சொல்வர். யாரோ கூப்பிட்டதாகச் சொல்வர். அசெரோத் மக்களோ ‘பார்க்கத்தான் போனோம்’ என்று பெருமையோடு சொல்லிப் படமும் எடுத்து வைத்தவர்கள். ஆய்வாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2. ஆய்வு எல்லை

அசெரோத் உலகு 2004 நவம்பரில் திறக்கப்பட்டது. படைத்தவர்கள் அமெரிக்காவின் பிளிஸார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தார். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டுத்தானே அது என்று சிலர் குறுக்குவர். மாதந்தோறும் சந்தா கட்டி, உறக்கத்தைத் தொலைத்து, பல லட்சம் பேர் மாடாய் உழைத்த இடத்தை விளையாட்டு என்பது பொருந்தாது என்க.

இவ்வுலகுக்குப் பல படிகள் உண்டு. ஒவ்வொரு படியும் ஒரு சர்வரில் இயங்கும். ஒன்றில் செத்தவர் செய்தி மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. மூன்று சர்வர்களிலேனும் நோய் கட்டுக்கடங்காமல் போயிற்று என்பது பதிவு.

சான்றுகளைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. நோய் முற்றிய நாள்களில் அயர்ன்ஃபோர்ஜ், ஓர்கிரிமர் முதலிய தலைநகரங்களின் தெருக்களில் எலும்புக்கூடுகள் குவிந்து கிடந்தன. தொல்லியலார் ஒருவர் இதைக் கண்டால் உடனே தலையெண்ணி மக்கள்தொகை கணக்கிடுவார். அது பிழை. அசெரோத்தில் மாண்டவர் ஆவியாகி, இடுகாட்டிலிருந்து தம் பிணம் கிடக்கும் இடம்வரை ஓடி, அதற்குள் புகுந்து எழுவார். எழுந்த இடத்தில் பழைய எலும்புகள் அப்படியே கிடக்கும். எழுந்தவரை நோய் மறுபடி பற்றும்; மறுபடி எலும்பு விழும். ஆகவே ஒரு தெருவின் எலும்புக்கூடுகள் அனைத்தும் விடாமுயற்சி உடைய ஒருவருடையனவாகவே இருத்தல் கூடும்.

3. ஆய்வு முன்னோடிகள்

இத்துறையின் முன்னோடிகள் வேடிக்கை மனிதர்கள் அல்லர். இஸ்ரேலைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் அறிஞர் ரான் பாலிசர், ‘எபிடெமியாலஜி’ என்னும் இதழில் 2007 மார்ச்சில் இந்நோய் குறித்து எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் எரிக் லாஃப்கிரென், நினா ஃபெஃபர்மன் இருவரும் ‘தி லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் விரிவாக ஆராய்ந்தனர். இவருள் லாஃப்கிரென் அசெரோத்தில் உலவியவர். களப்பணிக்குத் தனியே பயணப்படி கேட்கத் தேவையற்ற ஆய்வாளர் என்ற வகையில் அவர் போற்றத்தக்கவர்.

இவர்கள் அனைவருக்கும் முன்னோர் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர். 1927இல் இவர்கள் தந்த கணித மாதிரி, மக்களை மூன்றாகப் பிரிக்கிறது: நோய் பிடிக்கக்கூடியோர், பிடித்தோர், தேறியோ மாண்டோ விலகியோர். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்து கசௌலியில் வேலை பார்த்தவர். தங்கள் சமன்பாட்டைப் பொருத்திக் காட்ட இருவரும் எடுத்துக்கொண்டது 1905–06இல் பம்பாயில் பிளேக் நோய்க்குப் பலியானோர் கணக்கு. இந்தியத் தெருவைத் தெரிந்த மனிதர் பங்கேற்ற மாதிரியிலேயே வேடிக்கை பார்ப்போருக்கு இடமில்லாமற் போனது வியப்பிலும் வியப்பு.

4. நோய்முதல்

அசெரோத்தின் தென்கோடியில் ஸ்டிராங்கிள்தார்ன் என்றொரு காடு. அதனுள் ஜுல்குருப் என்னும் இடிந்த நகரம். அங்கே ஹக்கார் என்னும் ரத்தம் குடிக்கும் தெய்வம் எழுந்தருளியிருக்கிறது. இருபது பேர் அணி சேர்ந்து போய் அதனை வீழ்த்தவேண்டும் என்பது செப்டம்பர் 13 அன்று வெளியான 1.7ஆம் பேட்ச் வகுத்த விதி.

ஹக்கார் தன் மேல் கைவைப்போர் மீது ‘கெட்ட ரத்தம்’ என்னும் சாபத்தை ஏவும். சில வினாடிக்கொரு முறை சாபம் உயிர்ப்புள்ளிகளில் முந்நூறு அளவில் அரித்துத் தின்னும். பக்கத்தில் நிற்பவருக்கும் தாவும். அன்று உச்சியான 60ஆம் லெவலில் இருந்தவருக்கு நாலாயிரம் ஐயாயிரம் புள்ளிகள் இருந்தன. அவருக்கு இது தொல்லை, அவ்வளவுதான். முதல் லெவலில் முயலைத் துரத்திக்கொண்டிருந்தவருக்கு நூறு புள்ளிகூட இராது. அவருக்கு என்ன நடந்தது என்பதே தெரியாமல் முடிந்துபோகும். நம் உலக நோய்கள் முதியோரையும் நலிந்தோரையும் முதலில் வாட்டுவது போல, அசெரோத் நோய் புதியவர்களை முதலில் வாரிக்கொண்டது.

சாபம் கோயிலுக்குள்ளேயே தொடங்கிக் கோயிலுக்குள்ளேயே தீரவேண்டும் என்பதே படைத்தோர் எண்ணம். வெளியேறினால் நோய் நீங்கிவிடும். இத்திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு நான்கு கால்கள்.

5. கடத்திகள்

வேடர் குலத்தார் வளர்ப்பு விலங்குகளோடு போருக்குப் போவர். சண்டை நடுவே விலங்கு நோயுற்றால், அது சாகாதிருக்க அதனை மறையச் செய்வர். மறைந்த விலங்கின் மீது காலம் ஓடுவதில்லை. நோயும் அப்படியே உறைந்து நிற்கும். வேடர் ஊர் திரும்பி, சந்தை நடுவில் நின்று, ‘வாடா என் புலியே’ என்று அழைப்பார். புலி வரும். கூடவே ஹக்காரும் வருவார்.

இதற்கு நம் உலகில் ஒப்புமை உண்டு. பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமந்தும் நோயின்றித் திரியும் வாத்துகளைப் பாலிசர் போன்றோர் நினைவுகூர்வது இதனால்தான். ஒரு நகரிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் தாவும் மாயவாயில்களும் அங்கே உண்டு. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஹோட்டலில் ஒரு மருத்துவர் தங்கிச் சென்றதும், அங்கே உடன் தங்கியோர் வழியாக சார்ஸ் நோய் ஹனோய், சிங்கப்பூர், டொரொன்டோ எனப் பரவியதும் இவ்வாறே. நாம் அந்த வாயிலை விமானம் என்கிறோம். வரிசையில் நின்று பெல்ட்டைக் கழற்றுகிறோம். வேறுபாடு அவ்வளவே.

இரண்டாம் கடத்தி கடைக்காரர். அசெரோத்தின் கடைக்காரரும் காவலரும் கணினி இயக்கும் பாவைகள். நோய் அவர்களைப் பற்றும், கொல்லாது. எட்டணா லாபத்துக்கு நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நின்று, வந்தவர்க்கெல்லாம் உப்போடு சாபத்தையும் சேர்த்துப் பொட்டலம் கட்டினர். நியூயார்க்கில் மேரி மாலன் என்னும் சமையற்காரப் பெண்மணி இத்தகையவர். டைஃபாய்டு கிருமியைச் சுமந்தும் தாம் நோயுறாமல் வீட்டுக்கு வீடு சமைத்தார். 1907இல் பிடிபட்டார்; 1910இல் இனிச் சமைக்கமாட்டேன் என்ற உறுதியோடு விடுதலையானார்; 1915இல் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் மறுபடி பிடிபட்டார். 1938இல் இறக்கும்வரை தீவொன்றில் வைக்கப்பட்டார். அசெரோத் கடைக்காரரைத் தீவுக்கு அனுப்பவும் வழியில்லை. அவரை அனுப்பினால் மறுநாள் ஊருக்குச் சோறில்லை.

இதுவரை சொன்னவை முன்னோடிகள் அறிந்தவை. இனி வருவது இக்கட்டுரையின் பங்களிப்பு.

6. ‘வே’ இயல்

புலி ஒன்று, கடைக்காரர் நூறு. ஆனால் தலைநகரில் செத்தவர் எண்ணற்றோர். இடைவெளியை நிரப்பியவர் யார்? கொள்ளைநோய் என்ற செய்தி பரவியதும் அறிவுடையோர் ஊரை விட்டுக் காட்டுக்கு ஓடினர். அதே நேரத்தில் காட்டில் பத்திரமாக இருந்த ஒரு பகுதியினர் ஊரை நோக்கி ஓடினர். அங்கே அவர்களுக்கு வேலை இல்லை, வீடு இல்லை, சொந்தக்காரர் இல்லை. எலும்புக்கூடுகளைப் பார்க்கவேண்டும், பார்த்தார்கள், நோயை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். லாஃப்கிரெனும் ஃபெஃபர்மனும் இதைக் கவனித்தே இருந்தனர். கணித மாதிரிகள் மனிதர் இப்படி நடப்பர் என எதிர்பார்ப்பதில்லை என்பதே அவர்கள் கட்டுரையின் சாரங்களுள் ஒன்று.

ஆகவே மூன்று வகுப்புகளோடு நான்காவதாக ‘வே’ என்னும் வகுப்பு சேர்க்கப்படவேண்டும். அதன் இலக்கணம் வருமாறு:

எவர் ஓரிடத்தில் நோயாளியும் அல்லர், மருத்துவரும் அல்லர், உறவினரும் அல்லர், ஆயினும் அங்கே நிற்கின்றனரோ அவர் ‘வே’.

இது மூவகைப்படும். தானே போய்ப் பார்த்தல் தன்வேடிக்கை. திரும்பி வந்து ‘போய்ப் பாரு, நம்பவேமாட்ட’ என்று பிறரை அனுப்புதல் பிறவேடிக்கை. பார்க்கப் போய்த் தானே எலும்பாகி, அடுத்து வருவோர் பார்க்கும் பொருளாதல் செயப்பாட்டு வேடிக்கை. மூன்றும் ஒருவரிடத்தே ஒரே மாலையில் நிகழ்வதும் உண்டு.

பழைய மாதிரிகளில் அச்சம் என்று ஒன்று சேர்க்கப்பட்டால், நோய் கூடக்கூட மக்கள் விலகுவர், பரவல் தணியும். ‘வே’யின் போக்கு இதற்கு நேர்மாறு. பத்துப் பேர் செத்த தெருவுக்கு ஒருவர் வருவார். ஆயிரம் பேர் செத்த தெருவுக்கு நூறு பேர் வருவர். அச்சம் பரவலுக்குத் தடை போடும் அதே வேளையில் ‘வே’ முடுக்கு விசையை மிதிக்கிறது. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் இட்டால் எந்தக் கோடு வெல்லும் என்பது கணிதத்தார் தீர்க்கவேண்டிய புதிர். செய்தி எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதில்தான் விடை இருக்கிறது என இவ்வாய்வு கருதுகிறது.

வேடிக்கை பார்ப்போரை வேடிக்கை காட்டுவோரோடு குழப்பலாகாது. சாபத்தோடு வேண்டுமென்றே சந்தைக்கு ஓடிவந்து, கூட்டத்தின் நடுவில் நின்று, சுற்றிலும் ஆட்கள் சரிவதைக் கண்டு களித்தவர்கள் பின்னவர். இவர்களுக்குச் சட்டப் புத்தகங்களில் இடமுண்டு. ஆயினும் பார்ப்போர் இல்லையேல் காட்டுவோர் இல்லை என்பதும் ஓர்க.

7. தொண்டர் இயல்

நல்லவர்களும் இருந்தனர். குணமூட்டும் மந்திரம் அறிந்தோர் ஊதியமின்றித் தலைநகரில் நின்று நோயாளிகளுக்கு உயிர்ப்புள்ளி ஊட்டினர். வேறு சிலர் நகர வாயிலில் நின்று புதியவர்களைத் திருப்பி அனுப்பினர். ஆயினும் ஆராய்ச்சிக்கு இரக்கம் கிடையாது. தொண்டர் கைபட்டு உயிர் நீண்டவர் கூடுதல் நேரம் நடமாடினார். ஆகவே கூடுதல் பேருக்குக் கொடுத்தார். நோயைத் தீர்க்காமல் ஆயுளை மட்டும் நீட்டும் மருத்துவம் பரவலுக்கு உதவக்கூடும் என்பது அசெரோத் தந்த கசப்பான பாடங்களுள் ஒன்று.

தொண்டருக்குள்ளும் ‘வே’ கலந்திருந்தது. குணமூட்ட வந்தவர்கள் அனைவரும் குணமூட்டவே வந்தனர் என்பதை இவ்வாய்வாளன் அறிவியல் அடிப்படையில் ஏற்க இயலாது.

8. அரசு இயல்

நிறுவனத்தார் முதலில் தன்னார்வத் தனிமையை வேண்டினர். பலர் கேட்கவில்லை. இங்கிலாந்தின் ஈயம் என்னும் சிற்றூரோடு இதனை ஒப்பிடுக. 1665இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு அவ்வூருக்குப் பிளேக் வந்தது. மறு ஆண்டு, வில்லியம் மாம்பெசன் என்னும் பாதிரியார் சொற்படி ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டனர். வெளியூரார் எல்லைக்கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போவர். அதற்கு விலையாக ஊரார் வினிகரில் இட்டு வைத்த காசை அவர்கள் எடுத்துக்கொள்வர். ஈயத்தில் ‘வே’ தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியது; சற்றுத் தாமதமாக. இன்று அவ்வூரில் கொள்ளைநோய் அருங்காட்சியகம் இருக்கிறது; அதே எல்லைக்கல்லைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

இறுதியில் பிளிஸார்ட் நிறுவனம் எந்த அரசுக்கும் வாய்க்காத மருந்தைக் கையாண்டது. உலகத்தை நிறுத்தியது, மாற்றி எழுதியது, மறுபடி இயக்கியது. அக்டோபரில் வளர்ப்பு விலங்குகளுக்கு இச்சாபம் ஒட்டாதபடி விதி திருத்தப்பட்டது. சுகாதாரச் செயலாளர் எவரும் பொறாமைப்படாமல் இதனைப் படிக்க இயலாது.

9. மறுப்பும் விடையும்

‘அசெரோத்தில் சாவு மலிவு. ஆவியாக ஓடும் நேரமும் ஆயுதம் பழுது பார்க்கும் கூலியும்தான் அதன் விலை. ஆதலின் அங்கே வேடிக்கை பார்த்தனர். சாவு விலையேறிய நம் உலகில் அவ்வாறு பாரார்’ என்பது ஒரு சாரார் மறுப்பு. பாதி மெய். மீதிப் பாதிக்கு 2020 மார்ச் 22 விடை சொல்லும். அன்று கொரோனாவை முன்னிட்டு இந்தியாவெங்கும் மக்கள் ஊரடங்கு. மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டும்படி கேட்டிருந்தனர். சில நகரங்களில் மக்கள் தாளம் தட்டியபடி தெருவில் கூட்டம் கூட்டமாக இறங்கினர். ஊரடங்கு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஊரே வெளியே வந்தது.

‘விதிவிலக்கான ஒரு நிகழ்வைக் கொண்டு விதி வகுப்பதா’ என்பது இரண்டாம் மறுப்பு. அதனால் ஒப்பாய்வு வேண்டிற்று. 2002இல் ‘வைவில்’ என்னும் சிறுவர் இணைய உலகில் ‘வைபாக்ஸ்’ என்றொரு நோய் விடப்பட்டது. பிடித்தவர் முகத்தில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பேச்சின் நடுவே தும்மல் வந்து விழும். கல்வியியல் ஆய்வாளர் யாஸ்மின் கஃபாய் அதனை ஆராய்ந்தார். அங்கே நோய் அவரவர் முகத்திலேயே வந்து குந்தியதால், வேடிக்கைக்காக வெளியூர் போகும் தேவை குறைவு என்பது இவ்வாய்வின் ஊகம்.

2008 அக்டோபரில் அசெரோத்திலேயே இரண்டாம் கொள்ளைநோய். இம்முறை தவறி வரவில்லை. புதிய பாகத்துக்கு விளம்பரமாக நிறுவனமே விட்டது. பூட்டி பே துறைமுகத்தில் பெட்டிகள் வந்திறங்கின. தொட்டவர் குறித்த நேரத்துக்குள் மருத்துவரிடம் போகாவிட்டால் நடைப்பிணமாவார். நாள் செல்லச் செல்ல அந்த நேரம் குறுகியது. நடைப்பிணத்துக்கு அடுத்தவரைக் கடிக்கும் வல்லமையும் தரப்பட்டிருந்தது. விளைவு எதிர்பார்க்கத் தக்கதே: பார்ப்போர் பலர் காட்டுவோராயினர். ஒரு வாரம் தாங்கவில்லை. வியாபாரம் செய்ய வந்தோரும் பாடுபட வந்தோரும் கூக்குரலிட்டனர்; நோயும் திரும்பப் பெறப்பட்டது. நோயைக் காட்சியாக்கினால் ‘வே’ பெருகும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது.

மூன்றாவதாக ஒரு தகவல். 2020 ஏப்ரலில், பழைய அசெரோத்தை அப்படியே மீட்டெடுத்த பதிப்பில் ஹக்காரின் கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. உண்மைக் கொள்ளைநோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்திருந்தோர், மாயக் கொள்ளைநோயின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போயினர். கெட்ட ரத்தம் இம்முறை கோயிலை விட்டு வெளியேறவில்லை. ‘வே’ மட்டும் வழக்கம்போல் உள்ளே நுழைந்தது.

10. முடிபுகளும் பரிந்துரைகளும்

அசெரோத்தில் நோயைத் தோற்றுவித்தது ஹக்கார். வெளியே கொண்டுவந்தது புலி. தேக்கி வைத்தது கடைக்காரர். ஊரெங்கும் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு வேலையற்று வந்து நின்றவருக்கு உரியது. நால்வருள் மூவருக்கு ஆய்விதழ்களில் பெயர் கிடைத்துவிட்டது. நான்காமவருக்கு இனியேனும் சமன்பாட்டில் ஓர் எழுத்து ஒதுக்கப்படவேண்டும்.

‘வே’க்குத் தடுப்பூசி இல்லை. அபராதம் பயன் தராது. அபராதம் வசூலிப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடும். வேலி பயன் தராது. வேலிக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று வேலியே அறிவித்துவிடும். எஞ்சும் வழி ஒன்றே: கொள்ளைநோயைப் பார்க்கச் சகியாத அளவுக்குச் சலிப்பானதாக ஆக்குவது. கைகழுவு, வீட்டில் இரு, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போ என்பதைப் பெரிய எழுத்தில் மூன்று வரியில் சொல்லிவிடலாம். மற்றபடி எண்ணிக்கை, வரைபடம், பேட்டி, நேரலை ஆகிய அனைத்தையும் தமிழகப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேட்டு நடையில், இயல் பகுத்து, நோக்கம், கருதுகோள், அணுகுமுறை, ஆய்வு எல்லை என வரிசைப்படுத்தி வெளியிடுமாறு அரசுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. அந்நடைக்கு முன்னால் இரண்டாம் பக்கம்வரை நின்ற ‘வே’ இதுகாறும் பதிவாகவில்லை.